காலணா இருப்புப்பாதையும் பலகைப் படமும்

சென்ற ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, தஞ்சை மக்கள் எல்லோரும் ஆற்றங்கரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த முற்பகல் வேளையில், நாங்கள் நால்வர் மட்டும் ஒரு மரக்கடை வாசலில் நின்று பலகை ஒன்றுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தோம். பேரம் படியவில்லை. கடைக்காரர் பொறுமைசாலி. எட்டடி நீளம், இரண்டடி அகலம், வளையக்கூடாது, கனக்கக்கூடாது, கரையான் ஏறக்கூடாது, விலை இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது என்று நாங்கள் அடுக்கியதையெல்லாம் முழுமையாகக் கேட்டுவிட்டு, "கட்டிலுக்கா, கடைக்கா?" என்று வினவினார். "இரயிலுக்கு" என்றோம். அதற்குப் பிறகு அவர் எங்களோடு பேசவில்லை.

நால்வருள் இருவர் கல்லூரி ஆசிரியர்கள். ஒருவர் தமிழ், மற்றவர் வரலாறு. மூன்றாமவர் இளம் பொறியாளர். நான்காமவர் தென்னக இரயில்வேயில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவாரூருக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையிலுள்ள ஒரு சிறு நிலையத்தில், குறுகிய மீட்டர் பாதையில் வண்டிகள் ஓடிய காலத்தில், பல ஆண்டுகள் பச்சைக்கொடி காட்டியவர். தம் பெயரையோ நிலையத்தின் பெயரையோ எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விடுக்கிறோம். அப்பாதை மூடப்பட்டு, அகலப்படுத்தப்பட்டு, 2019இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அவருடைய பழைய நிலையக் கட்டடம் அங்கில்லை. ஓட்டுக்கூரை, கைப்பிடிகள் வரிசையாக நின்ற சமிக்ஞை மேடை, வேப்பமரத்தடிச் சிமெண்ட் இருக்கை ஆகியவற்றோடு அந்நிலையத்தை ஒரு பலகைமேல் மீண்டும் எழுப்பி, அவ்வூர்ப் பள்ளிக்கு வழங்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அவருக்குக் கண் நீர் அழுத்த நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது. தைக்குள் முடித்துவிடவேண்டும் என்று அவர் சொன்னதன் காரணத்தை நாங்கள் விளக்கமாகக் கேட்கவில்லை.

வரலாற்றில் ஈடுபாடுள்ள ஒரு குழு பொம்மை இரயிலுக்குப் பலகை தேடுவதா என்று வாசகர்கள் நினைக்கலாம். எங்களுக்குள்ளேயே அந்த வினா எழுந்தது. அதற்கு விடை அப்பாதை பிறந்த கதையில் இருக்கிறது. ஆகவே அதனை முதலில் சொல்லிவிடுவோம்.

தஞ்சைத் தரணிக்கு இருப்புப்பாதை வந்தது கடல் வழியே. இலண்டனில் பங்கு திரட்டிய 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' நிறுவனம் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1861இல் தஞ்சாவூர் வரையிலும், அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளி வரையிலும் பாதை அமைத்தது. ஐந்தரை அடி அகலப்பாதை அது. முதலீட்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வருவாய் தருவதாக அரசு உறுதியளித்திருந்தமையால் செலவைப் பற்றி அக்கால நிறுவனங்கள் பெரிதாகக் கவலை கொள்ளவில்லை. இந்தியாவெங்கும் அப்படிப் பெருகிய செலவைக் கண்டு அஞ்சிய அரசு, 1870இல் மேயோ பிரபு காலத்தில், இனிவரும் கிளைப்பாதைகளுக்கு ஒரு மீட்டர் அகலம் போதும் என்று முடிவு செய்தது. 1874இல் கர்நாடிக் இரயில்வேயோடு இணைந்து தென்னிந்திய இரயில்வே ஆனபின், நாகைப் பாதையும் 1875இல் மீட்டர் பாதையாகச் சுருக்கப்பட்டது. அகலமாகப் போட்டதைப் பெயர்த்துக் குறுக்கினார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, குறுக்கியதைப் பெயர்த்து மீண்டும் அகலமாக்கினார்கள். சிக்கனம் என்பது யாருடைய கணக்கேட்டில், எந்த ஆண்டில் என்று கேட்டுத்தான் சொல்லவேண்டும் போலும்.

எங்கள் நண்பரின் பாதை இதனினும் வேறானது. அதற்கு இலண்டன் பங்குதாரர் இல்லை. 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தஞ்சாவூர் ஜில்லா போர்டு அதன் உடைமையாளர். தெற்கே திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை என்று விரிந்த நெல் நாட்டுக்குப் பாதை வேண்டுமென்று மாவட்டமே முனைந்து, நிலத்தின் மீது ரூபாய்க்கு மூன்று பை வீதம் இருப்புப்பாதை வரி என்று தனியே தண்டியது. மூன்று பை என்பது காலணா; ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. அப்படிச் சேர்ந்த பணமும் கடனுமாக, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை 1894இல் திறக்கப்பட்டது. பின்னர் அது பட்டுக்கோட்டை வழியாக நீண்டு 1903இல் அறந்தாங்கியை எட்டியது. மொத்தம் 99 மைல். வண்டிகளை ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய இரயில்வேயிடம் இருந்தது. பாதை மாவட்டத்துக்குச் சொந்தம். பிற்காலத்தில் கோயம்புத்தூர் ஜில்லா போர்டு 1915இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் பாதை கொண்டுவந்ததற்கெல்லாம் முன்மாதிரி இதுவே.

ஹெமிங்வே என்னும் ஆங்கிலேய அதிகாரி 1906இல் தொகுத்த மாவட்டக் கையேட்டைப் புரட்டுபவர்கள் இச்செய்தியை நிருவாகச் செய்திகளுக்கிடையே கண்டு கடந்துபோவார்கள். நாங்களும் பல ஆண்டுகள் கடந்துபோனவர்களே. பெரியகோயிலின் ஒவ்வொரு கல்லையும் யார் கொடுத்தார், விளக்குக்கு எத்தனை ஆடு விட்டார் என்று கல்வெட்டைத் தடவித்தடவிப் படிக்கும் நாம், காலணா காலணாவாக ஒரு மாவட்டம் சேர்த்துக் கட்டிய பாதைக்கு ஒரு கல்லும் நட்டதில்லை. மீட்டர் பாதை போனபோது அதன் நிலையங்களும், பெயர்ப்பலகைகளும், நெல் மூட்டை அடுக்கிய கொட்டகைகளும் சேர்ந்து போயின. ஒரு நிலையத்தையேனும் நினைவிலிருந்து வரைந்துதரக்கூடிய ஒருவர் நம்மிடையே இருக்கும்போது, அவர் கண்ணில் ஒளி இருக்கும்போதே அதனைச் செய்துவிடவேண்டும் என்று முடிவு செய்தோம்.

இனி அளவு. மாதிரி இரயில் செய்வோர் உலகெங்கும் பெரிதும் கைக்கொள்வது 1:87 என்னும் விகிதம். மெய்யான மீட்டர் பாதையை எண்பத்தேழால் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்குப் பொருந்துகிறது. எங்கள் பொறியாளர் இந்தக் கணக்கைச் செய்தபோது ஒரு வியப்பும் கிடைத்தது. மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதையின் 54 மைல், அதாவது 87 கிலோமீட்டர், இந்த விகிதத்தில் மிகச் சரியாக ஒரு கிலோமீட்டர் ஆகிறது! ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பலகை கிடைத்தால் காலணாப் பாதையின் முதற்பகுதி முழுவதையும் அப்படியே விரித்துவிடலாம். கிடைக்கப்போவது எட்டடி. எட்டடியில் அடங்குவது மெய்ந்நிலத்தின் 212 மீட்டர். வெளிநாட்டுத் தண்டவாளமும் ஓர் எந்திரமும் வாங்கியதில் திரட்டிய பணத்தின் பெரும்பகுதி கரைந்துபோக, அந்த எட்டடிக்கு மிஞ்சியது முன்னே சொன்ன இரண்டாயிரம்.

பலகையைப் பற்றிய கவலை எங்களுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் பொம்மை இரயில்களைத் தண்டவாளத்தோடு தொகுதியாக விற்பனைக்கு வைத்த காலத்தில், வீட்டுத் தரையே அவற்றுக்கு நிலம். விளையாடி முடித்ததும் பெட்டிக்குள் போய்விடும். எச்.ஜி. வெல்ஸ் 1911இல் தம் மைந்தர்களுடன் ஆடிய தரை விளையாட்டுகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் பொம்மை வீரர்கள், செங்கற்கள், இரயில் ஆகியவற்றுக்கு நிகராகப் பலகைகளையும் ஒரு தனி வகையாக வைத்துப் பேசுகிறார். தரையைக் கடலாக்கினால் பலகையைத் தீவாக்கலாம் அல்லவா! மாதிரி நிலையானதாக, மரமும் குளமும் வீடும் உடையதாக ஆனபோதுதான் அடிப்பலகை ஒரு கலையாயிற்று. அமெரிக்காவில் லின் வெஸ்ட்காட் என்பவர், பலகையே இல்லாமல் நீண்ட மரச்சட்டங்களின்மேல் பாதைக்கு வேண்டிய இடத்தில் மட்டும் தாங்கல் கொடுக்கும் முறையைப் பரப்பினார். மலையும் பள்ளமும் காட்டவேண்டிய நாட்டுக்கு அது பொருத்தம். சோழநாட்டில் மலைக்கு எங்கே போவது?

பலகை வேட்டை இரண்டு மாதம் நடந்தது. நண்பர் வீட்டுக் கூடத்தில் ஓர் ஊஞ்சல் பலகை உண்டு, தேக்கு, ஆறடிக்கு இரண்டடி. அதனை நாங்கள் அளவெடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அவர் துணைவியார், "ஊஞ்சல் பலகைய எடுத்தீங்கன்னா, நீங்களும் அந்த ஸ்டேஷன்லயே போயி உக்காந்துக்குங்க" என்று கூறிவிட்டு உள்ளே போனார். அந்த யோசனை அங்கேயே நின்றது. பழைய கதவுகள் விற்குமிடத்தில் ஒட்டுப்பலகைக் கதவு ஒன்று மலிவாகக் கிடைத்தது. தட்டிப் பார்த்தால் உள்ளே கரையானின் ஊர்வலம் கேட்டது. தெர்மகோல் போதும் என்றார் ஒருவர். ஆணி நிற்காது, பள்ளி மாணவர் ஒருவர் முழங்கை வைத்தால் நிலையம் பிளந்துவிடும்.

எஞ்சியது ஒட்டுப்பலகை. எட்டுக்கு நான்கடித் தாள்களாக, நான்கு மில்லிமீட்டர் தொடங்கிப் பதினெட்டு, பத்தொன்பது வரையிலான கனங்களில் வருவது. இதன் கதையும் சுவையானதே. மெல்லிய மரத்தோல்களை ஒன்றன் இழை மற்றதற்குக் குறுக்காக வரும்படி அடுக்கி ஒட்டுவதால் மரத்தின் இயல்பான நெளிவை அது தனக்குள்ளேயே கட்டிப்போட்டுவிடுகிறது. இந்தியாவில் இத்தொழில் வளர்ந்தது தேயிலைப் பெட்டிகளுக்காக. அசாமிலும் வடகிழக்கு மலைகளிலும் ஆலைகள் பெருகின. 1996 திசம்பரில் உச்ச நீதிமன்றம் காட்டுமரம் வெட்டுவதற்கும் வடகிழக்கிலிருந்து மரம் வெளியே செல்வதற்கும் தடை விதித்தபோது அந்த ஆலைகளில் பல மூடப்பட்டன. தோப்பு மரங்களின் பக்கம் தொழில் திரும்பியது. இரப்பர், சவுக்கு, தைலமரம் என்றெல்லாம் நாம் வேலியோரம் பார்ப்பவை இன்று பலகைக்குள் ஒளிந்திருக்கின்றன. காடு தப்பியதில் மகிழ்ச்சிதான். ஆனால் மலிவான தாள்களில் உள்ளடுக்கு இடைவெளி விட்டு ஒட்டப்பட்டிருப்பதைத் தட்டிக் கேட்டே அறியலாம். ஆணி அடித்தால் அந்த இடத்தில் வெற்றிடம்! நல்ல தாளுக்கு எங்கள் இரண்டாயிரம் போதவில்லை. சட்டமும் ஆசாரி கூலியும் தனி.

இவ்விடத்தில் தமிழாசிரியரின் வழக்கமான வழிவிலகல் ஒன்றைப் பொறுத்தருள வேண்டுகிறோம். பலகை என்னும் சொல் நம் மொழியில் எத்தனை வேலை செய்திருக்கிறது! வீரன் கையில் கேடயம். சூதாடுவோர் நடுவே ஆடுகளம். திண்ணைப் பள்ளியில் எழுதுமிடம். மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் தகுதியுடைய புலவருக்கு மட்டும் இடம் நீட்டித் தந்ததாகக் கதைக்கப்படும் சங்கப்பலகை. நால்வருக்கு எட்டடி போதாமல் தவித்தபோது, வேண்டுமளவு நீளும் அந்தப் பலகையை நினைத்துப் பெருமூச்சு விட்டோம். ஆனால் இந்த மண்ணுக்கே உரியது இன்னொன்று: பரம்புப் பலகை. சேறாக உழுத வயலை நடவுக்கு முன் மட்டமாக்க மாடு கட்டி இழுக்கும் பலகை. நீர் எங்கும் ஒரே ஆழத்தில் நின்றால்தான் நாற்று ஒருசேரப் பிடிக்கும். சோழநாட்டு உழவருக்கு மட்டம் என்பது கண்ணால் அறியும் கலை. காவிரிப் படுகையே அப்படிப் பரம்படித்து வைத்த ஒரு பெரும் பலகை என்று சொன்னால் மிகையாகாது.

பரம்புப் பலகையைப் பற்றி இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் வரலாற்று ஆசிரியருக்கு அந்த எண்ணம் தோன்றியது. "பலகையென்றால் தஞ்சாவூரில் வேறு ஒன்று இருக்கிறதே" என்றார். உலகமே தஞ்சாவூர் ஓவியம் என்று அழைப்பதை இவ்வூரில் பழைய வழக்கில் பலகைப் படம் என்றுதான் சொல்வார்கள். இத்தனை நாள் மரக்கடைகளைச் சுற்றியவர்கள் எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த ஓவியப் பட்டறைக்குப் போகவில்லை.

மராத்திய மன்னர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரையிலான ஆண்டுகளில் தழைத்த இக்கலையில், கண்ணைப் பறிப்பது தங்கத்தாளும் கல்பதிப்பும். அவற்றையெல்லாம் சுமப்பது பலகை. பலாப்பலகையே முற்காலத்தில் விரும்பப்பட்டது. தஞ்சை வீணைக்கும் பலாமரந்தானே! பலகையின் பின்புறம் குறுக்குச்சட்டங்கள் அறைந்து, முன்புறம் துணியைப் பசையால் ஒட்டி, அதன்மேல் சுக்கான் தூளும் பசையும் கலந்த கலவையைப் பூசி, காய்ந்ததும் வழவழப்பாகத் தேய்ப்பார்கள். பசை பெரும்பாலும் புளியங்கொட்டையில் காய்ச்சியது. ஓவியம் தொடங்குவது இதற்கெல்லாம் பிறகு. 2007–08 காலத்தில் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கலையைப் பற்றி எழுதுவோர் தெய்வ உருவங்களையும் பொன்னையும் வருணித்துவிட்டுப் பலகையை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நூறு ஆண்டு, நூற்றைம்பது ஆண்டு ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் வளையாமல் நின்றது எப்படி என்று பலகையைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தவர்கள் சிலரே இருப்பார்கள்.

பட்டறையில் பலகை செய்பவர் அறுபது வயது ஆசாரி. வந்த காரியத்தைச் சொன்னோம். மரக்கடைக்காரரைப் போல அவர் முகம் திருப்பவில்லை. "மீட்டர் வண்டியா? எங்க அப்பா அதுலதான் பலா மரம் பாக்கப் போவாரு" என்று உட்காரச் சொன்னார். அவரிடம் இரண்டு வகைப் பலகை இருந்தது. ஒன்று மெய்யான பலா. 2018 நவம்பரில் கஜா புயல் வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாத் தோப்புகளைச் சாய்த்தபோது வாங்கி, அறுத்து, நிழலில் உலர்த்தி வைத்தது. மஞ்சள் பூத்த அந்த மரத்தைத் தடவிப் பார்த்ததும் வரலாற்று ஆசிரியர் அதுதான் வேண்டுமென்றார். தமிழாசிரியரும் அவர் பக்கம் சாய்ந்தார். பொறியாளர் கணக்குப் போட்டார். அங்குலக் கனத்தில் எட்டுக்கு இரண்டடிப் பலா ஏறத்தாழ இருபது கிலோ. அகலத்துக்கு இரண்டு மூன்று பலகைகளை ஒட்டவும் வேண்டும். பள்ளி மாணவர்கள் தூக்கி வைக்கவேண்டிய பொருள் அது. மேலும், அந்த மரத்தின் விலையைக் கேட்க எங்களுக்கு வாயே வரவில்லை.

மற்றது, சுவரோரம் சாய்ந்துகிடந்த இரண்டு ஒட்டுப்பலகைகள். நான்குக்கு இரண்டடி, ஒன்பது மில்லிமீட்டர் கனம். பெரிய படங்களுக்கென்று சட்டம் அறைந்து, துணி ஒட்டி, சுக்கான் பூசித் தேய்த்து முடித்தவை. படம் கேட்டவர் பிறகு வரவே இல்லை. மூலையில் ஈரம் பட்டுப் பூச்சு சற்று உதிர்ந்துவிட்டதால் இனி பொன் ஒட்ட உதவாது. "ரெண்டும் சேத்து ஆயிரத்து நூறு குடுங்க" என்றார். இரண்டையும் முனையோடு முனை சேர்த்தால் எட்டடி. ஆளுக்கொன்றாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்தில் ஏறலாம்!

ஒரு தடை இருந்தது. இரண்டில் ஒன்றின் வெண்பூச்சின்மேல் கரிக்கோலால் வெண்ணெய்த்தாழிக் கண்ணனின் புறக்கோடு வரைந்திருந்தது. மன்னார்குடிப் பக்கத்துக்காரரான எங்கள் நண்பர் அதனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுமேல நான் ஆணி அடிக்கமாட்டேன்" என்றார். ஆசாரி சிரிக்கவில்லை. ஓவியரை அழைத்தார். ஓவியர் ஈரத்துணியால் கோட்டை ஒற்றியெடுத்து, அந்த இடத்தில் மெல்லிதாக ஒரு கை சுக்கான் பூசிக் கொடுத்தார். அதற்கு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பலகையை எடுத்துவரும்முன் ஆசாரி இன்னொன்று செய்தார். நாங்கள் மேற்புறம் பசையும் வண்ணமும் தண்ணீருமாகக் கரை, வயல், வாய்க்கால் என்று அமைக்கப்போவதைக் கேட்டு, "ஒரு பக்கம் மட்டும் குடிச்சா பலகை வளையாம என்னய்யா பண்ணும்? ரெண்டு பக்கமும் சமமாக் குடிக்கணும்" என்று சொல்லிப் பின்புறத்துக்கும் மயில்துத்தம் கலந்த பசையில் ஒரு துணி ஒட்டித் தந்தார். ஈரக்காற்றை மரம் உறிஞ்சும். பூச்சு உள்ள பக்கம் குறைவாகவும் பூச்சில்லாத பக்கம் மிகுதியாகவும் உறிஞ்சினால் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் குழியும். மேலைநாட்டு மாதிரி இரயில் நூல்கள் இரு புறமும் வண்ணம் பூசு என்று சொல்வதன் காரணமும் இதுவே. மயில்துத்தம் பூச்சிக்கு. அந்த நூல்களைப் படித்திருந்த எங்கள் பொறியாளர் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார்.

பலகை வந்தபின் வேறொரு சிக்கல் தலைதூக்கியது. கடையில் விற்கும் பலகைமேல் தண்டவாளத்தை அப்படியே பதித்தால் அது சோழநாடு ஆகாது. இங்கே இருப்புப்பாதை வயல் மட்டத்தில் ஓடுவதில்லை, மண்கரையின்மேல் ஓடுகிறது. அதன் கீழே வாய்க்கால். வெண்ணாற்றின் கிளைகளாகப் பாண்டவையாறு, வெள்ளையாறு, கோரையாறு, பாமணியாறு என்று மேற்கிலிருந்து கிழக்கும் தெற்குமாக விரல் விரித்தோடும் நாட்டில், வடக்கிலிருந்து தெற்கே ஒரு கரை எழுப்புவதென்றால் ஒவ்வொரு விரலுக்கும் வழி விடவேண்டும். விடாவிட்டால் மேற்கே வயல் மூழ்கும். 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், இந்தியாவுக்கு வேண்டியது இருப்புப்பாதையன்று, படகு செல்லும் கால்வாய்களே என்று ஆயுள் முழுதும் வாதாடியவர். அவர் வாதம் தோற்றது. ஆனாலும் இந்தப் பகுதியில் பாதை போட்டவர்கள் நீருக்கு அடங்கியே போடவேண்டியிருந்தது. பாலமும் மதகும் குழாய்ப்பாலமுமாகக் கரையைத் துளைத்துக்கொண்டே போனார்கள். கல்லும் இங்கே கிடையாது. சல்லிக்கும் மேற்கே போகவேண்டும். மண்ணும் நீரும் மட்டும் உள்ள நாட்டில் ஓர் அடித்தளம் தேடுவது எங்களுக்கு முன்பே, மிகப் பெரிய அளவில், நடந்து முடிந்த கதை.

ஆகவே பலகையின் வெண்பரப்பையே வயல் மட்டமாகக் கொண்டு, அதன்மேல் அரை அங்குல உயரத்துக்கு மரத்துண்டுகளால் கரை எழுப்பி, பாதையை அதன்மேல் ஏற்றினோம். வாய்க்காலுக்கு மட்டும் பலகையை அறுக்க வேண்டியிருந்தது. சட்டத்தில் பல் படாமல் அறுப்பதற்குள் கைகள் நடுங்கின. அறுத்த இடத்தின் அடியில் மெல்லிய தகடு வைத்து வண்ணம் தீட்டினோம். காவிரித் தண்ணீருக்குச் செம்மண் நிறம் கலக்கவேண்டுமா, தெளிவா என்று எழுந்த வாதம், மேட்டூர் திறந்த முதல் வாரமா, மார்கழியா என்ற கேள்வியாகி, மார்கழி என்று முடிந்தது. சல்லிக்கு ஒரு நாள் அரிசி நொய்யைத் தூவிப் பார்த்தோம். நிறமும் அளவும் அழகாகப் பொருந்தின. மறுநாள் காலையில் எறும்புகள் பாதைப் பராமரிப்பை மேற்கொண்டிருந்தன. ஆற்றுமணலைச் சலித்துக்கொண்டோம்.

அனைத்தினும் கடுமையான முடிவு நிலையத்தைப் பற்றியது. நண்பர் நினைவிலிருந்து வரைந்து தந்த படத்தில் நிலையத்தின் இரு முனைக் கைகாட்டிகளுக்கும் இடையே 212 மீட்டரைவிட மிகுதியாக இருந்தது. எதையாவது விடவேண்டும். பயணியர் மேடை, நிலையக் கட்டடம், கிராசிங் பாதை ஆகியவை இருக்கட்டும், நெல் ஏற்றும் பக்கப்பாதையையும் கொட்டகையையும் விட்டுவிடலாம் என்று நாங்கள் மூவரும் சொன்னோம். மாணவர்களுக்கு வண்டி ஓடுவதைக் காண்பதில்தான் மகிழ்ச்சி. கொட்டகையில் என்ன இருக்கிறது என்று நினைத்தோம். நண்பர் ஒப்பவில்லை. "பேசஞ்சருக்காகவா சார் காலணா குடுத்தாங்க? நெல்லு போறதுக்குக் குடுத்தாங்க. மேடையைக் குறைங்க" என்றார்.

ஹெமிங்வேயைப் படித்தவர்கள் நாங்கள். பக்கப்பாதையில் நெல் வண்டி ஏற்றியவர் அவர். மேடையைப் பாதியாகக் குறைத்தோம். இரு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் கிராசிங் பாதையும் போயிற்று. கொட்டகை நின்றது.

கட்டடங்களுக்கு எங்கும் அலையவில்லை. ஏரி குளங்களில் வளரும் நெட்டித் தண்டின் வெண்மையான சோற்றைச் சீவிப் பெரியகோயிலையே உள்ளங்கை அளவில் செய்துவிடும் கைவினைஞர்கள் தஞ்சையில் இருக்கிறார்கள். 2020இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓட்டுக்கூரையின் ஒவ்வொரு வரிசையையும் நெட்டியில் கீறிக்கொடுத்தார் ஒருவர். இராசராசன் விமானத்தில் பழகிய கைக்கு எங்கள் கொட்டகை விளையாட்டாக இருந்திருக்கவேண்டும். தூண்கள் சற்றுச் செப்பமாகவே அமைந்துவிட்டன. மெய்க் கொட்டகையின் தூண்களில் ஒன்று, லாரி மோதிச் சாய்ந்து நின்றதாம். நண்பர் கேட்டுக்கொண்டபடி அதையும் சாய்த்து ஒட்டியிருக்கிறார்.

ஐப்பசியும் கார்த்திகையும் இவ்வாண்டு நன்றாகவே பெய்தன. மழை ஓய்ந்த ஒரு நாள், பலகையின் மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தோம். கண்ணன் இருந்த பலகை நூலோடு ஒட்டி நின்றது. மற்றதன் ஒரு மூலை இரண்டு மில்லிமீட்டர் எழும்பியிருந்தது. இரு பலகைகளும் சேருமிடத்தில் எந்திரம் அதன்மேல் ஏறும்போது ஒரு சிறு குலுக்கல். ஆசாரியிடம் காட்டினோம். பின்புறத்தில் இன்னொரு சட்டம் அறைந்து, "வெயில் வரட்டும், தானா எறங்கும்" என்றார். நண்பர் அந்தக் குலுக்கலைச் சரிசெய்யவேண்டாம் என்கிறார். கோரையாற்றுப் பாலத்துக்கு முன்னால் மெய்யான வண்டியும் அப்படித்தான் குலுங்குமாம். இதில் மட்டும் நாங்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பெயர்ப்பலகையில் எழுத்து எழுதும் வேலை மிஞ்சியிருக்கிறது. அதை அவரே எழுதுகிறார், ஒரு நாளைக்கு ஓர் எழுத்தாக.